மருந்தடிக்கிறவர் வீட்டுக் கரப்பான்கள்

மைனர் மல்லாந்து கிடந்தான். மூடியைத் திறந்த கை அப்படியே நிற்க, உமாராணி டப்பாவுக்குள் குனிந்து பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம்கூட ஒரு கேரட் துண்டுக்காக இன்னொருவனை முட்டித் தள்ளிவிட்டு, ஊர்ப் பெரிய மனிதன் கணக்காக முட்டை அட்டையின் மேல் ஏறி நின்றவன். கட்டைவிரல் நீளம் இருப்பான். தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு. புது ஆள் தொட்டால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி புஸ்ஸென்று சீறுவான். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் மைனர் என்று பேர் வைத்தாள். இப்போது ஆறு காலும் மேலே பார்த்து, விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தன. விரலால் மெல்லத் திருப்பிப் போட்டாள். கொஞ்சம் நின்றான், மறுபடியும் சரிந்துவிட்டான். வயதாகிச் சாகிற கரப்பான் இப்படிச் சாகாது. ஒரு மூலையில் ஒடுங்கி, இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாமல் கிடக்கும். இந்த நடுக்கம் மருந்தின் நடுக்கம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவள் புருஷன்தான்.

செந்தூர்வேலுக்கு வேலையே கரப்பான் கொல்வது. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் சமையல்கட்டு, சரக்குக் குடோன், ஹோட்டல் என்று மருந்தடிக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்பது பேருக்குத்தான். ஸ்பிரேயரை முதுகில் மாட்டுவதும் அவன், அடுப்புக்கு அடியில் படுத்து ஜெல் மருந்து வைப்பதும் அவன். அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடை நொடித்துப்போன பிறகு கிடைத்த பிழைப்பு. அப்பேர்ப்பட்டவன் பெண்டாட்டி மாடியில் டப்பா டப்பாவாகக் கரப்பான் வளர்க்கிறாள் என்றால் பிரையண்ட் நகர் சிரிக்காமல் என்ன செய்யும்? “புருசன் கொல்லுததுக்குப் பொண்டாட்டி வளத்துக் குடுக்கா. அவுக கம்பேனி ஏழு தலைமொறைக்கும் படுக்காது” என்று எதிர்வீட்டு மகாராஜன் அண்ணாச்சி சொன்னது தெரு முழுக்கச் சுற்றி, கடைசியில் அவள் காதுக்கே வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் படித்தது விலங்கியல். கல்லூரியில் கரப்பானை மெழுகுத் தட்டில் குத்தி வைத்து, வாயுறுப்புகளைப் பிய்த்து அட்டையில் ஒட்டுகிற வகுப்பு ஒன்று உண்டு. மற்றவர்கள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒட்டி மார்க் வாங்கினார்கள். இவள் லென்ஸ் வழியே அந்தத் தாடையைப் பார்த்துவிட்டு, இத்தனை நுணுக்கமாகச் செய்த ஒன்றையா செருப்பால் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று மலைத்து நின்றாள். பிறகு கல்யாணம், பிள்ளை, ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. அந்த மலைப்பு எல்லாவற்றுக்கும் அடியில் போய்ப் படுத்துவிட்டது. மகள் ஐஸ்வர்யா நர்சிங் படிக்க மதுரைக்குப் போய், மாடியறை காலியானபோதுதான் அது எழுந்து உட்கார்ந்தது. கல்லூரித் தோழி டயானா, பனிமய மாதா கோயில் பக்கம் இருப்பவள், மீனும் சங்கு நண்டும் வளர்க்கிறவள். அவள் ஒரு டப்பாவில் நாலைந்து மடகாஸ்கர் கரப்பான்களைப் போட்டு, “வச்சுப் பாரு, புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துரு” என்றாள். திருப்பிக் கொடுப்பதாவது! ஐஸ்வர்யாவின் கட்டிலை ஒட்டி ஒரு ரேக் வந்தது. அதில் சீறுகிற கரப்பான்கள், இன்னொரு பெட்டியில் டூபியா என்கிற சாதுவான ரகம், அடித்தட்டில் ஈர மண்ணும் மக்கின இலையும் போட்ட பெட்டியில் ரயில்பூச்சிகள். டப்பாவின் விளிம்பில் ஏறி வராதபடி வாஸ்லின் தடவுவது, நார்த்தூள் காயாமல் தண்ணீர் தெளிப்பது, இரவு போட்ட காய் அழுகுமுன் எடுப்பது என்று அவளுக்கு ஒரு ராஜ்யமே அமைந்துவிட்டது. கடையில் முதலாளி, வீட்டில் மாமியார், சமையல்கட்டில் கேஸ் அடுப்பு என்று எல்லாம் அவளை அதிகாரம் செய்தன. இந்த அறைக்குள் மட்டும் அவள் சொன்னபடி ஈரமும் வெளிச்சமும் இருந்தன.

இப்போது அந்த ராஜ்யத்துக்குள் யாரோ நுழைகிறார்கள். மைனர் முதல் சாவு அல்ல. அதற்கு முன்பே இரண்டு மூன்று போய்விட்டன. முதலில் ஈரம் கூடிப்போனதென்று நினைத்தாள், பிறகு காய்க்காரர் கேரட்டில் மருந்து அடித்திருப்பார் என்று நினைத்துத் தோல் சீவிப் போட்டாள். எதிர்வீட்டு அண்ணாச்சி கொசுவுக்குப் புகை போட்டால்கூட ஜன்னலைச் சாத்தினாள். டயானாவையே ஒரு நாள் சந்தேகப்பட்டாள். அவள் வீட்டில் இந்த ரகம் குட்டி போடவே இல்லை, இங்கே பெரியாச்சி போடப்போகிறாள், பொறாமையாக இருக்குமோ? நினைத்தபின் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பெரியாச்சி என்பது மைனரின் ஜோடி. உப்பலான பெட்டை. இந்த ரகம் முட்டையை வெளியே விடாது, வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பொரித்துக் குட்டிகளாக விடும். பிறந்த அன்று பச்சரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும், சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும் என்று படித்திருந்தாள், பார்த்ததில்லை. பெரியாச்சியின் வயிறு இப்போது தரையில் படுகிற அளவுக்குக் கனத்துவிட்டது. மைனர் போய்விட்டான். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் அந்த வம்சமே கிடையாது. உமாராணி அவளுடைய ஆறு காலையும் உற்றுப் பார்த்தாள், நடுக்கம் இல்லை. ஒரு பூச்சிக்காக இப்படியா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். தன் கையால் வளர்த்த ஒன்றை இன்னொரு கை வந்து கொல்வதை யார் என்றாலும் தாங்கமாட்டார்கள்.

டயானாவுக்குப் போன் போட்டாள்.

“மருந்துதான் ஏட்டி. காலு நடுங்குனா வேற என்ன?” என்றாள் டயானா. “ஒன் மாப்பிள்ள சட்டை கிட்டை...”

“அவிய பின்வாசல் வழியாத்தான் வருவாவ. யூனிபார்மை அங்கனயே கொடியில போட்டுட்டுக் குளிச்சிட்டுத்தான் உள்ள வருவாவ. நான் வீட்டுக்கு வரும்போது தலை ஈரமாத்தான் இருக்கும். அதெல்லாம் சுத்தம்.”

“அப்ப வெளிய இருந்து யாரு வந்து மாடியேறப் போறா? வீட்டுக்குள்ள பாரு, உமா.”

வீட்டுக்குள் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் பிடிபட்டது. ரயில்பூச்சிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. டூபியாக்கள் அப்படியே இருந்தன. சாவது எல்லாம் சீறுகிற கரப்பான்கள், அதிலும் பயமில்லாமல் கைக்கு வருகிறவை, அவள் பேர் வைத்துக் கூப்பிடுகிறவை. மருந்து அடித்தால் அறை முழுக்க அல்லவா சாக வேண்டும்? இது பொறுக்கி எடுத்துக் கொல்கிற வேலை. அவள் எதை எதை அதிகம் நேசிக்கிறாள் என்று தெரிந்த ஒருவரின் வேலை. வீட்டில் இருப்பது மூன்று பேர். அதில் ஒருத்தி அவள்.

மாமியார் செல்லத்தாய்க்கு அந்த அறைமேல் ஆரம்பத்திலிருந்தே கோபம். “எம் பேத்தி படுத்துக் கிடந்த எடத்துல பாச்சையைக் கொண்டாந்து விட்டிருக்கா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள், கரப்பான் அவள் வாயில் பாச்சைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது மாடிப்படி வரைக்கும் வந்து, அந்தக் கதவைப் பார்த்து ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிவிட்டுப் போவாள். வத்தல் காயப்போட மொட்டைமாடிக்குப் போக வேண்டுமானால் அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். பகலெல்லாம் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். உமாராணி கவனிக்க ஆரம்பித்தாள். மாமியார் படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவது முன்பெல்லாம் பாவமாக இருந்தது. இப்போது, இத்தனை கஷ்டப்பட்டு எதற்கு ஏறுகிறாள் என்று தோன்றியது. அவள் விரல் நுனியில் ஒரு நாள் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. மறுநாள் உமாராணி அடுப்படியைத் துழாவினாள். சீனி டப்பாவுக்குப் பின்னால் ஒரு சாக்பீஸ், எறும்புக்குக் கோடு போடுகிற விஷ சாக்பீஸ், பாதி தேய்ந்து கிடந்தது.

மைனரை ரோஜாத் தொட்டியில் புதைத்த அன்று சாயங்காலம், செந்தூர்வேல் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தோசை தின்றுகொண்டிருந்தான். செல்லத்தாய் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உமாராணி அந்தச் சாக்பீஸைக் கொண்டுவந்து மாமியாருக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

“யத்தை, இது என்னது?”

“எறும்புக்குப் போடுதது. சீனிக்குள்ள எறும்பு ஏறுதுன்னு நீதான சொன்ன?”

“எறும்புக்கு மட்டுந்தானா?”

கீரை ஆய்ந்த கை நின்றது. செல்லத்தாய் மருமகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். நல்ல நீளமான பார்வை. செந்தூர்வேல் தட்டைப் பார்த்துக்கொண்டு சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

“நான் அந்த ரூமுக்குள்ள காலு எடுத்து வச்சதில்ல தாயி. மடியில கனமில்ல, எனக்கு வழியில பயமும் இல்ல. பாச்சையைக் கொண்டாந்து வச்சிருக்காளேன்னு வயிறு எரிஞ்சது நெசம். அதுக்காவ ஒரு உசிரை மருந்து வச்சுக் கொல்லுவனா?”

“உங்களை விட்டா வேற யாரு யத்தை இருக்கா இந்த வீட்டுல?”

சொன்ன வாயை மூட முடியாது. செல்லத்தாய் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் காலையில் ஒரு பையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு, ஆழ்வார்திருநகரியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. செந்தூர்வேல்தான் பைக்கில் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தான். வந்தவன், “அம்மை பாவம், உமா” என்று மட்டும் சொன்னான். அம்மா அப்படிச் செய்யமாட்டாள் என்று சொல்லவில்லை. உமாராணி அதைக் குறித்துவைத்துக்கொண்டாள். பெற்ற மகனுக்கே நம்பிக்கை இல்லை என்றால் தனக்கென்ன வந்தது?

அந்த வாரம் செந்தூர்வேலுக்குக் கோவில்பட்டியில் ஒரு பஞ்சு குடோனில் வேலை. அங்கேயே தங்கிவிட்டான். வீட்டில் உமாராணியும் பூச்சிகளும்தான். ஒன்றுகூடச் சாகவில்லை. காலையில் மூடியைத் திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது மெல்ல மெல்ல நின்றது. பெரியாச்சி வெள்ளரிக்காயில் முகம் புதைத்துத் தின்றாள். சிட்டு என்கிற சின்னப் பெட்டை, டப்பாவைத் திறந்தால் முதலில் ஓடிவருகிறவள், அவள் மணிக்கட்டில் ஏறி வளையலை முகர்ந்து பார்த்தாள். ‘பார்த்தாயா’ என்று உமாராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடித்ததுபோல் ஒரு நிறைவு. ஆனால் தண்ணீர் பிடிக்கக் குடத்தைத் தூக்கும்போது, “நீ வேலைக்குப் போற பிள்ள, வையி” என்று பிடுங்குகிற கை இல்லாமல் வீடு வெறிச்சென்றிருந்தது.

செந்தூர்வேல் கோவில்பட்டியிலிருந்து திரும்பினான். அடுத்த நாள் சிட்டு மல்லாந்து கிடந்தாள்.

உமாராணி ரேக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஒரு கணக்கு மட்டும் மனதுக்குள் ஓடியது. மாமியார் இல்லை, அப்போது சாவு இல்லை. மாமியார் இப்போதும் இல்லை, சாவு வந்துவிட்டது. அந்த வாரம் இல்லாமல் இருந்தது இன்னொருவரும்தான். அது எப்படி இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்று? கண்ணில் படவேண்டாம் என்று தானே கண்ணை மூடிக்கொண்டாளோ?

ஆரம்பத்தில் அவன் செய்த ரகளை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. “ஊருல உள்ள பாச்சையெல்லாம் நான் கொல்லுதேன், நீ வீட்டுல வச்சு வளக்கியா? என்னைய நாலு பேர் காறித் துப்பணும்னா?” என்று அன்று டப்பாவைத் தூக்கித் தெருவில் எறியப் போனவன். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுததும் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. விட்டுக்கொடுத்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். விட்டுக்கொடுக்கிறவன் பேசாமலா இருப்பான்? அன்றிலிருந்து அவனை உளவு பார்க்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தாள். தூங்கும்போது கையை எடுத்து முகர்ந்தாள், சோப்பு வாசனைதான் வந்தது. இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவன் திடீரென்று முன்பின் தெரியாத ஆளாகிவிட்டான். அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று தோன்றியது, சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்று தோன்றியது.

கடைசியில் கேட்டேவிட்டாள். “நீங்கதானா?”

“என்ன நாந்தானா?”

“சிட்டு செத்துட்டு.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. சோற்றைப் பிசைந்த கை நின்றது. “சிட்டா?” என்றான். சிட்டு யார் என்று அவன் கேட்காதது அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “கொல்லணும்னா நான் ஒண்ணொண்ணாவா கொல்லுவேன்? என் தொழில் தெரியாதா ஒனக்கு? ஒரு மத்தியானம் போதும் எனக்கு, மொத்தத்தையும் முடிச்சிட்டுப் போயிருவேன்.”

மத்தியானம். அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாக நின்றது. அவன் மத்தியானம் வீட்டுக்கு வருவதில்லை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். துறைமுகத்திலிருந்து இங்கே வந்து சாப்பிட்டுப் போக நேரம் ஏது என்று அவன்தான் சொல்லியிருந்தான். அப்படியிருக்க அவன் வாயில் எதற்கு மத்தியானம் வர வேண்டும்?

மறுநாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு உச்சி வெயிலில் ஆட்டோ பிடித்தாள். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டு நடந்தாள். பின்வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே, மாடிப்படியின் அடியில் அவன் ரப்பர் பூட்ஸ். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் குரல் கேட்டது. அவன் குரல்தான், ஆனால் இப்படித் தணிந்து, இப்படிக் குழைந்து அவன் பேசிக் கேட்டு வருஷக்கணக்காகிறது. ‘யாரோ கூட இருக்கிறார்கள்’ என்று நெஞ்சு சொன்னது. அட பாவி, இதற்குத்தானா! மகள் அறையிலா! பூச்சி போனால் போகட்டும், குடும்பமே போகிறதே என்று கதவைத் தள்ளினாள்.

செந்தூர்வேல் கட்டிலில் சாய்ந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். நீல யூனிபார்ம், நெஞ்சில் கம்பெனிப் பேர். விரித்த உள்ளங்கையில் பெரியாச்சி. இன்னொரு கையால் வாழைப்பழத்தைக் கிள்ளி அவள் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தான். “தின்னு தாயி. வவுத்துப்பிள்ளக்காரி தின்னாம கெடக்கலாமா?” வேறு யாரும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தவனுக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை. கையில் பெரியாச்சி இருந்தாள். திருட்டு முழி முழித்தான். “சும்மா... சோறு திங்க வந்தேன்” என்றான். வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வேணாம்னு கத்திட்டு அப்புறம் நானே வந்து ஒன்ட்ட கேக்க வெக்கமா இருந்திச்சி, உமா. ஒரு நா ஒன் ரூமு சன்னல் அடிச்சிக்கிட்டு கெடந்துது, சாத்த வந்தேன். இதுக எட்டிப் பாத்துச்சி. கப்பல்ல லைட்டைப் போட்டேன்னா செவுரே ஓடுத மாரி ஓடும். நான் போற எடமெல்லாம் ஓடும். இதுக என்னையக் கண்டு ஓடல. கிட்ட வருது. நீ கூப்பிடுததைக் கேட்டுக் கேட்டுப் பேரெல்லாம் படிஞ்சிட்டு. மைனரு எங் கையிலதான் உக்காந்து திம்பான்.”

உமாராணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க ஒன்றுமில்லை, பொங்கி வந்தது. இவ்வளவு நாளும் தனக்கு மட்டும் என்று நினைத்த அறையில் இவனும் வந்து உட்கார்ந்திருக்கிறான், பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்தச் சந்தோஷம் கண்ணிமைக்கிற நேரம்தான் நின்றது. அவள் பார்வை பெரியாச்சியிடமிருந்து அவன் மணிக்கட்டுக்கு, அங்கிருந்து யூனிபார்மின் கைமடிப்புக்குப் போனது.

“இந்த உடுப்போடயா வருவிய?”

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடுவேன். ரெண்டு தடவை கழுவுவேன்.”

“சட்டை?”

“சட்டையில என்ன இருக்கு? தூசி மாரி கொஞ்சம் இருக்கும்.” அவன் தொழில்காரனின் சிரிப்பைச் சிரித்தான். “கப்பல் பாச்சை தெரியுமா? மருந்தைக் குடிச்சிட்டு ஏப்பம் விடும். பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து மருந்துலயே பொறந்து மருந்துலயே வளந்தது. அதுக்கே ரெண்டாந்தடவை மூணாந்தடவை அடிச்சாத்தான்...”

நிறுத்திவிட்டான். அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மருந்து எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன். மருந்தின் வாடையே படாத அறையில், வெள்ளரியும் கேரட்டும் தின்று வளர்ந்த ஒரு பூச்சிக்கு அந்தத் தூசி என்ன என்று அவன் முகம் கணக்குப் போடுவதை அவள் நின்று பார்த்தாள். கைக்கு வந்தவை எல்லாம் செத்தன. கைக்கு வந்ததால் செத்தன.

“அப்ப மைனரு?” என்றான். “சிட்டு?”

அவன் தன் கைமடிப்பைப் பார்த்தான். பிறகு, வேறொன்று வந்து இடித்ததுபோல, மெதுவாக, “அம்மை” என்றான்.

“அத்தைக்குத் தெரியுமா?”

“நான் வாறது தெரியும். சோறு போட்டுக் குடுத்து மேல அனுப்புததே அதுதான். ஒன்ட்ட சொல்லிராதன்னு நாந்தான் சொன்னேன்.” கையிலிருந்த பழத்தைத் தரையில் வைத்தான். “அன்னைக்கி என்னைய எப்பிடிப் பாத்துச்சி தெரியுமா? நான் வாயத் தொறப்பேன்னு பாத்துச்சி. நான் அதுதான் மருந்து வச்சிருக்கும்னு நெனச்சிட்டேன் உமா. பெத்தவளைப் போயி.”

உமாராணி கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள். தரையில் வைத்த சாக்பீஸும், நகர்த்தி வைத்த முறமும், பைக்கின் பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டுப் பையை மடியில் அணைத்துக்கொண்டு போன கிழவியின் முதுகும் கண்ணுக்குள் வந்தன. வெட்கம் நெருப்பாக ஏறியது. யாரைச் சொல்வது? இவனையா, தன்னையா? அந்த நேரத்தில் இருவருக்கும் ஒரே சாபம் போதும்போல இருந்தது.

பேச்சில் மறந்துபோன பெரியாச்சி உள்ளங்கையை விட்டு நகர்ந்தாள். கனத்த வயிற்றை இழுத்துக்கொண்டு மணிக்கட்டைத் தாண்டி, கைமடிப்பில் முன்னங்காலை ஊன்றி, சட்டைமேல் ஏறினாள்.

“எடு உமா,” என்று அலறினான் செந்தூர்வேல். “எடு, எடு. நான் தொட மாட்டேன்.”

இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளி விரித்துக்கொண்டு, எதையும் தொடாமல், மூச்சுகூட விடாமல் உட்கார்ந்தான். உமாராணி முழங்காலிட்டு அவன் அருகில் வந்தாள். பிடித்து இழுக்க முடியாது. துணியைக் கவ்விய கால் நகத்தோடு பிய்ந்துவிடும், வயிற்றில் இருப்பதும் கலைந்துவிடும். தானாகத்தான் இறங்கி வர வேண்டும். அவன் முழங்கைக்கு மேலே, பெரியாச்சியின் பாதையில், தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள். “வாம்மா” என்றாள். “இங்கன வா.”

பெரியாச்சி நின்றாள். மீசை இரண்டும் முன்னால் நீண்டு உமாராணியின் விரலைத் தொட்டன. ஒருமுறை தொட்டு விலகி, மறுபடியும் தொட்டன. செந்தூர்வேலின் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவனுக்குக் கை இல்லை. பெரியாச்சி உமாராணியின் கையைச் சுற்றிக்கொண்டு விலகி, பழகின தோளைப் பார்த்து, நீலத் துணியின் ஒவ்வொரு மடிப்பாகப் பற்றிப் பற்றி மேலே ஏறினாள்.